முதுகுக்கு எடுத்த அளவு

பிப்ரவரி 4

அன்புள்ள ஊசிக்கு,

நலம். நீயும் நலம்தானே? நீ வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். முதலில் சிரித்துவிட்டு அப்புறம் படி. எனக்கு முதுகு முழுக்கப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கப் போய் மயங்கி விழுந்த அதே ஆள்தான் கேட்கிறேன். முப்பத்தொரு வருடம் நான் பஸ் ஓட்டிய தடம், கழுத்தில் தொடங்கி இடுப்பு வரைக்கும். நாற்பத்தொரு நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். வேலையை விட்டுவிட்டேன், நேரம் இருக்கிறது. வேறு யாரிடமும் முதுகைக் காட்ட மாட்டேன்.

உன் டிரைவர்

பிப்ரவரி 12

டிரைவர் சாருக்கு,

பச்சை குத்தும் கடை போட்ட இருபத்திரண்டு வருடத்தில் இப்படியொரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை. கட்டிய பெண்டாட்டி, உள்ளங்கை அளவு இடம் கேட்டு எத்தனை வருடம் கெஞ்சினேன்! "உடம்பு என்ன சுவரா?" என்றீர்கள். பஸ்ஸில் அத்தனை பேரையும் சிரிக்க வைப்பீர்கள். வீட்டு வாசலில் செருப்போடு வாயையும் கழற்றி வைத்துவிடுவீர்கள். தனியாகப் பேசிப் பேசி அலுத்துத்தான் கிளம்பினேன். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் வரைகிறேன். ஒரு நாள் அளவு கொடுக்க வாருங்கள். குத்துவதற்கு ஆறு ஆறு மணி நேரமாக ஐந்து தடவை உட்கார வேண்டும். அதுவரை முதுகில் வெயில் படக் கூடாது, தினமும் களிம்பு தடவ வேண்டும். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். சாப்பிடுகிற மருந்து எதையும் விடாமல் எழுதுங்கள்.

ஊசி

மார்ச் 9

அன்புள்ள ஊசிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மீந்த சோற்றைச் சுற்றுவது போல என்னைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே டேப் ஒட்டி, எலும்பு எலும்பாகக் கோடு போட்டு, பக்கவாட்டில் கத்தரித்து உரித்தாயே, என் முதுகை அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். உன் கை சில்லென்று இருந்தது. அப்போது சொல்ல வாய் வரவில்லை.

களிம்பு எட்டாத இடத்துக்குக் குச்சியில் துணி சுற்றித் தடவுகிறேன். இனி படங்கள். முதலாவது டிப்போ கேட். நான்காவது, எடைமேடையில் தூங்கும் நாய். ஒன்பதாவது, பள்ளிக்கூடச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் தலைகள். மற்றதெல்லாம் இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பதினோராவது, நீ குடையோடு நின்று ஏறுவாயே, அந்த மருந்துக்கடைத் திருப்பம். அங்கே என்ன வரைவது என்று உட்காரும்போது சொல்கிறேன், இடம் விட்டு வை. படிவத்தில் மருந்து எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

உன் டிரைவர்

ஏப்ரல் 20

டிரைவர் சாருக்கு,

நேற்று நீங்கள் குத்திக்கொள்ள வந்து, போன மாதம் எடுத்த அளவுத் தாளை உங்கள் முதுகில் வைத்தபோது இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. நான்தான் தப்பாக வெட்டிவிட்டேன் என்று சொல்லி, புது அளவு மட்டும் எடுத்து அனுப்பிவிட்டேன். பொய். எனக்கு அளவு தப்பியதே இல்லை. நீங்கள் போன பிறகு புதிதாக எடுத்ததைப் பழையதன் மேல் வைத்துப் பார்த்தேன், உள்ளே அடங்கிவிட்டது. பெல்ட்டில் ஆணியால் போட்ட புதுத் துளைகளைப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் ஊசி போட்ட நீலத்தையும் பார்த்தேன்.

இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை உண்மையை எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊசி

ஏப்ரல் 28

அன்புள்ள ஊசிக்கு,

கல்லீரல். டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலிக்கு மட்டும் மருந்து. ரத்தமும் சீக்கிரம் உறையாதாம். எழுதினால் நீ தொட மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் எழுதவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வருவாயே, அப்போது எவ்வளவு பேசினேன்! கண் ரோட்டில் இருக்கும், நீ முதுகுக்குப் பின்னால் இருப்பாய், பேச்சு தானாக வரும். வீட்டில் நீ எதிரே உட்கார்ந்தால் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வேன். குத்துகிற முப்பது மணி நேரமும் நீ என் பின்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். குத்திவிடு. இதற்கு மேல் எனக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

உன் டிரைவர்

மே 3

என் டிரைவருக்கு,

மாட்டேன். ரத்தம் நிற்காத உடம்பில் என்னால் ஊசி வைக்க முடியாது. பாவி மனுஷா, பின்னால் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும் என்று அப்போதே சொல்லியிருந்தால் வீட்டில் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருப்பேனே! இன்று கடையைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தோலில் வரைகிற பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு. நான் பின்னால் உட்கார்ந்து வரைகிறேன். நீங்கள் பேசுங்கள்.

உங்கள் ஊசி

ஜூன் 7

என் டிரைவருக்கு,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நான்கு ஞாயிறுதான் கிடைத்தது. அதிலும் பாதி நேரம் தூங்கினீர்கள். அந்த எடைமேடை நாய்க்கு மட்டும் ஒரு மணி நேரம் கதை சொன்னீர்கள். கடைசி ஞாயிறு ஒன்பதாவதை வரைந்துகொண்டே, பதினோராவதில் என்ன போட வேண்டும் என்று கேட்டேன். "வண்டி அங்க வரட்டும், சொல்றேன். என்ன அவசரம்?" என்றீர்கள். அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வைத்தே போய்விட்டீர்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் நர்ஸ் உங்கள் முதுகைத் துடைத்துவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். ஒரு கோடுகூட மிச்சமில்லை.

முதலில் எடுத்த அளவுத் தாள் மேசை மேல் இருக்கிறது. நாற்பது நிறுத்தத்தையும் அதில் வரைந்து முடித்துவிட்டேன். மருந்துக்கடைத் திருப்பம் மட்டும் காலி. குடையோடு நான் நிற்பதைப் போடலாம் என்று நாலைந்து தடவை பேனாவை எடுத்தேன். நீங்கள் சொல்ல இருந்தது அதுதானா என்று தெரியாமல் கை ஓடவில்லை.

ஊசி