காலி செய்யும் காரணம்

அரியலூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள தமிழழகனுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் குளிரில் நீயும் சத்யாவும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை. மாடி வீடு காலியாகிவிட்டது. நீ சொன்னபடியே ஆயிற்று என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே, கடைசிவரை படி.

நிஜாமுதீனும் அவர் மனைவி ரஹ்மத்தும் இரண்டு வருடம் நம் மாடியில் இருந்தார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை அவருக்கு, அரசாங்கச் சான்றிதழோடு. அவருக்கு முன்னால் குடியிருந்த சுரேஷ்குமாருக்கும் அதே சுரங்கத்தில் அதே வேலைதான். அவன் இருந்த நான்கு வருடத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தீபாவளிக்குத் தெருப்பிள்ளைகள் அவனிடம் போய், அண்ணே சுரங்கத்து வெடி ஒண்ணு கொண்டாங்கண்ணே என்று கேட்டுச் சிரிப்பார்கள். வெடிமருந்து ஒரு பொட்டுகூட வீட்டுக்கு வராது, அங்கேயே காவல் போட்டுப் பூட்டி வைப்பார்கள் என்று இந்த ஊரில் தெரியாதவர் உண்டா?

போன மாதம் வடக்கே குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள் அல்லவா, அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக் காசிநாதன் வந்துவிட்டார். டீச்சரம்மா, நான் தப்பா சொல்லல, ஆனா ரெண்டு வெடிக்குச்சிய வூட்டுல ஒளிச்சு வச்சிருந்தா யாருக்குத் தெரியும், உங்க தலைக்கு மேலதானே குடியிருக்காங்க என்றார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த கொளஞ்சி, மத்தியானம் ஒரு மணிக்குச் சுரங்கத்து வெடி கேட்டாத்தான் சார் எனக்குச் சோத்து நேரமே தெரியும், இத்தனை நாளு இல்லாத பயம் இப்ப எங்கேருந்து வந்துச்சு என்று கேட்டாள். உன் வேலையப் பாரு என்றார் அவர். மறுநாள் நீ போன் செய்து, எதுக்கும்மா ரிஸ்க், காலி பண்ணச் சொல்லிடு என்றாய். முஸ்லிம்களுக்கு வீடு விடாதீர்கள் என்று நீ அனுப்பிய அந்த வீடியோவையே காசிநாதனும் காட்டினார். கடல் தாண்டி இருக்கிற நீயும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள்.

நான் யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்றைச் செய்தேன். எங்கள் கான்வென்ட் விடுதியில் சனிக்கிழமைதோறும் சிஸ்டர் எங்கள் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவளுக்குத் திறந்து காட்டுவதில் என்ன வெட்கம் என்பார். அறுபது வருடமாக அதை நம்பி வந்தேன். எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை காட்டிவிட்டால் தெருவின் வாய் அடங்கிவிடும், அந்தக் குடும்பத்துக்கு நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்து, காசிநாதனையும் பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். நிஜாமுதீன் வேலைக்குப் போயிருந்தார். ரஹ்மத் இடுப்பில் பிள்ளையோடு கதவைத் திறந்தது. வாங்கம்மா, உட்காருங்க, டீ போடவா என்றது. நான் விஷயத்தைச் சொன்னேன். அது பீரோச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தது.

துணிகள், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, அவருடைய சான்றிதழ், கல்யாணப் புடவை. எல்லாவற்றுக்கும் அடியில் துணி சுற்றிய சிறிய பிளாஸ்டிக் கேன் ஒன்று. காசிநாதன் அதை எடுத்து மூடியைத் திருகி மோந்து பார்த்தார். இது என்ன திரவம் என்று கேட்டார். மாமி மக்காவுக்குப் போனப்ப கொண்டாந்த ஜம்ஜம் புனிதத் தண்ணிங்க என்றது அந்தப் பெண். அவர் முகம் நம்பாததைப் பார்த்து, கேனை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி எங்கள் எதிரிலேயே குடித்தது. பிறகு புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் எதையாச்சும் பார்க்கணுமாம்மா என்று கேட்டது. குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். விடுதியில் எல்லாருடைய பெட்டியையும் திறப்பார்கள் என்பது கீழே இறங்கி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

காசிநாதன் மறுநாளே எல்லாரிடமும் ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு என்று சொன்னார். தனக்கே நற்சான்று கிடைத்ததுபோல அப்படி ஒரு திருப்தி. பதினைந்து நாளில் அவர்கள் பெரம்பலூரில் வீடு பார்த்துக்கொண்டார்கள். இடையில் ஒருநாள் நான் மன்னிப்புக் கேட்கப் படியேறினேன். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவளுக்கு அந்த வாக்கியம் எப்படித் தொடங்கும் என்று தெரியவில்லை. குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

குடிவருகிறவர்களிடம் நான் எழுதி வாங்கும் தாள் உனக்குத் தெரியும். பெயர், ஊர், வேலை எல்லாம் வரும்போது எழுத வேண்டும், காலி செய்யும் காரணம் என்ற கடைசி வரியைப் போகும்போது நிரப்ப வேண்டும். அந்தத் தாளை இந்த முறை நான் எடுக்கவே இல்லை. நிஜாமுதீனே கேட்டார். எழுதிடறேன் டீச்சரம்மா, அடுத்து வர்றவங்க பார்த்தா உங்களைத் தப்பா நினைக்கக் கூடாதுல்ல என்றார். சாவியையும் தாளையும் மேஜைமேல் வைத்துவிட்டு, வரேங்கம்மா, முழங்காலுக்குத் தைலத்தை விடாமத் தேயுங்க என்று சொல்லிப் போனார். அவர் போன பிறகு படித்தேன். பணி மாற்றம் என்று எழுதியிருந்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி ஒன்று ஆயிற்று. வெடிச்சத்தம் கேட்டது, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் வைத்த வெடிதான். தினமும் பெரம்பலூரிலிருந்து பைக்கில் வந்து அதே சுரங்கத்தில்தான் வேலை பார்க்கிறார். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் சிவப்பு மையால் திருத்தியே பழகியவள் நான். அந்த வரியை மட்டும் திருத்தவில்லை. உண்மையை எழுதுவதானால் என் பெயரை எழுத வேண்டும்.

மாடிக்கு நம்மாளாகப் பார்க்கச் சொல்லி உன் நண்பன் செந்தில்குமாரிடம் சொன்னாயாமே, அது வேண்டாம். முழங்கால் ஒத்துழைத்தால் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பஸ் ஏறுகிறேன். அந்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் இந்த முறை குழாயைப் பற்றிக் கேட்க முடியாது. நீ அந்த வீடியோவை இன்னும் யார் யாருக்கு அனுப்பினாய் என்று எனக்கு எழுது, போனில் வேண்டாம். குழந்தையின் காதுக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். மூவரும் நீண்ட ஆயுளோடு, யார் வீட்டுக் கதவையும் கூசாமல் தட்டும்படியாக வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
கிருஷ்ணவேணி