பத்துப் பேருக்குச் சொல்லாத சாவு

என் தனத்துக்கு, யாருக்கும் பங்கு தர மனமில்லாமல் எழுதுவது,

நீ போய்ப் பதினான்கு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் பதினாறாம் நாள் காரியம். நம் தோட்டத்து லயங்களில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியாகிவிட்டது. நேற்று ரவாங்கில் உன் வீட்டில் உன் அம்மா கேட்டார்கள்: "மகளே பரமேசு, அவ கூட்டாளிங்க எல்லாத்துக்கும் சொல்லிட்டியாம்மா? ஒருத்தர விட்டாலும் பேச்சு வரும்லா."

"சொல்லிட்டேம்மா" என்றேன். பச்சைப் பொய். உன் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பத்துப் பேருக்கு நான் சொல்லவில்லை.

நம் தோட்டத்திலிருந்து ஆறாம் படிவம் வரை படித்தது நாம் இரண்டு பேர்தானே தனம்? பாடப்புத்தகம் போதாமல், பள்ளிக்கூடம் போகிற கோலா சிலாங்கூர் பஸ்ஸில் எலக்ட்ரான் எங்கே ஓடுகிறது என்று சண்டை போட்டோம். பிறகு நான் தோட்டத்து ரப்பர் பால் லேப்பில் உட்கார்ந்தேன். நீ ரவாங் பெயிண்ட் தொழிற்சாலைக்குப் போனாய், சம்பளத்தில் கம்ப்யூட்டரும் அதைப் போன் லைனில் மாட்டும் மோடமும் வாங்கினாய். கம்ப்யூட்டர் வழியே முகம் தெரியாதவர்கள் கடிதம் போட்டுப் பேசிக்கொள்ளும் இடங்கள் என்று பத்திரிகையில் வந்த போன் நம்பரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாய். எல்லாம் விளையாட்டுப் பேச்சு. கடைசியில் கோலாலம்பூரில் யாரோ வீட்டிலிருந்து நடத்தும் ஒன்றில், கெமிஸ்ட்ரிக்கென்றே ஒரு பகுதி கிடைத்தது. "ஒருத்தர் லைன விட்டாத்தான் அடுத்தவர் உள்ள போவலாம். ஆனா என்னமா பேசுறாங்க தெரியுமாடி!" என்று குதித்தாய். அன்றே எனக்கு வயிறு எரிந்தது. "வந்து பாரேன்" என்று எத்தனை முறை கூப்பிட்டாய்? வேலை இருக்கிறது என்றேன். எந்த வேலையும் இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் முதன்முறையாக உள்ளே போனேன். பாஸ்வேர்டை ஸ்கிரீன் ஓரத்தில் நீயே எழுதி ஒட்டியிருந்தாய். உன் பழைய கடிதங்களை எல்லாம் படித்தேன். அங்கே நீ ஜோக்கெல்லாம் அடித்திருக்கிறாய். என்னிடம் எப்போது கடைசியாக ஜோக் அடித்தாய்?

அப்போது ஒருவர் கேட்டிருந்த கேள்வி கண்ணில் பட்டது. அம்மோனியா கலந்த ரப்பர் பாலைச் சில வாரம் வைத்திருந்தால், அது முன்போலச் சுலபத்தில் கட்டியாகாமல் தாங்குகிறதே, ஏன்? அது என் தினப்படி வேலையடி. பாலில் இருக்கிற கொழுப்பு உடைந்து சோப்பாக மாறுகிறது, அந்தச் சோப்பு ரப்பர் துகள்களை ஒட்டவிடாமல் காக்கிறது என்று மளமளவென்று எழுதினேன். உன் பெயரில் இருந்தேன். உன் பெயரிலேயே அனுப்பிவிட்டேன். ஒரு தடவையாவது அவர்கள் என் பதிலைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று தோன்றியது.

நேற்று பதில் வந்திருந்தது. அந்தச் சோப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'தனம் வந்துவிட்டாள்! ஆபரேஷன் முடிந்ததா? வலி குறைந்ததா?' ஒருவர் மாற்றி ஒருவர் இதையேதான் கேட்டிருந்தார்கள்.

ஆபரேஷன் என்பதே நீ போன பிறகுதானே எனக்குத் தெரியும்? என்னிடம், "வெறும் காஸ்ட்ரிக் வயித்துவலிதான்லா, மூஞ்ச தொங்கப் போடாத" என்றாயே. முகம் பார்க்காத பத்துப் பேரிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் அழுவேன் என்றா? ஆமாம், அழுதிருப்பேன். அதற்காக?

இந்தப் பொறாமை எவ்வளவு கேவலமானது என்று எனக்குத் தெரியும். உன் சிரிப்பு அவர்களிடம் இருந்தது, உன் வலியும் அவர்களிடம் இருந்தது. அவர்களிடம் இல்லாமல் என்னிடம் இருப்பது நீ செத்துப்போன செய்தி ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்? அதனால்தான் உன் அம்மாவிடம் பொய் சொன்னேன்.

ஆனால் அவர்கள் இன்னும் நீ குணமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் தனம். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது என் திருட்டுக் கை.

நாளை மத்தியானம் உன் வீட்டுக்குப் போவேன். என் சொந்தப் பெயரில் எழுதுவேன், சத்தியம். தனம் போய்விட்டாள், உங்களை ஏமாற்றியது நான், ஞாயிற்றுக்கிழமை காரியத்துக்கு வாருங்கள் என்று எழுதுவேன். அவர்களும் அழட்டும். முதலில் அழுதவள் நான்தான் என்பதையும் கடைசி வரியில் எழுதிவிடுவேன்.

உன் அம்மா இப்போது மகளே என்று கூப்பிடும்,
பரமேஸ்வரி