சேர்மன் வீட்டம்மா

அன்புத் தங்கை காஞ்சனாவுக்கு,

அக்கா அம்சவேணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் மாமா கவுன்சிலர்கள் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டாராமே. அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். தைராய்டு மாத்திரையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டாய். அதையும் மாற்றுத் துணியையும் டிரைவர் வீராசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் ரவிக்கை மடிப்பில் இருக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடு.

கேம்ப் நம்ம பக்கத்துக்குப் புதிதில்லை. ஓட்டெடுப்புக்கு முன்னால் யாரும் கட்சி மாறிவிடக் கூடாது என்று கவுன்சிலர்களை ஏதோ ரிசார்ட்டில் அடைத்து, பிரியாணி போட்டு, போகிற வழியில் திருப்பதியில் நிறுத்தி ஏழுமலையான் பேரில் சத்தியமும் வாங்கிவிடுவார்கள். எதிராளியைக் கவிழ்க்கத்தான் இத்தனையும். கட்டின பெண்டாட்டியைக் கவிழ்க்கக் கேம்ப் போட்ட புண்ணியவான் உன் மாமா ஒருத்தர்தான். கல்லானாலும் கணவன் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். கல்லாக இருந்திருந்தால் மாவாவது ஆட்டியிருக்கலாம்.

இந்தப் பதவியை நான் கேட்டேனா காஞ்சனா? பஸ் ஸ்டாண்டில் டிபன் கடை போட்டு, அடுப்படியிலேயே பாதி ஆயுசு போயிற்று. பவர்லூம் ஆட்கள் ஷிப்டு முடிந்து நம்ம கடையில்தான் வந்து உட்காருவார்கள். நகராட்சி சேர்மன் பதவி பொம்பளைகள் சீட் என்று ஆனதும், டிபன் கடை அம்சவேணி என்றால் தெரியாதவர் இல்லை என்று சொல்லி அவர்தான் என்னை நிறுத்தினார். உன்னையும் காலனி வார்டில் நிறுத்தினார். ஜெயித்தது நான், மாலை விழுந்தது அவர் கழுத்தில். ஆபீசில் பெரிய நாற்காலியில் அவர், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். அவர் சேர்மன் சார். நான் சேர்மன் வீட்டம்மா. கமிஷனர்கூட அப்படித்தான் கூப்பிட்டார், நானும் என்னமோ பெரிய மரியாதை மாதிரி தலையாட்டினேன்.

உன் வார்டு காலனிக்குப் பைப் போட்டு, டேங்க் கட்டி, நீயும் நானும் சேர்ந்து ரிப்பன் வெட்டினோமே, நினைவிருக்கிறதா? அதன் பிறகும் நம்ம டேங்கர் லாரிதான் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ரிப்பேர் என்றார் உன் மாமா. இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நம்ம கடையில் மாவு ஆட்டுகிற காலனி ரத்தினம்மா ஒரு நாள் லேட்டாக வந்தாள். கடையில் கூட்டம், நான் கண்டபடி கத்தினேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, "உன் பேரு போட்ட வண்டிக்குத்தாம்மா நின்னுக்கினு இருந்தேன்" என்றாள். டேங்க் ரொம்பித்தான் கிடக்கிறது, வால்வைத் திறந்தால் லாரிக்கு வேலையில்லையே, அதான் திறக்கமாட்டேன் என்கிறார்கள் என்றும் சொன்னாள். ஐயோ, செருப்பால் அடித்தது போல இருந்தது எனக்கு. லாரியின் பக்கவாட்டில் 'அம்சவேணி வாட்டர் சப்ளை' என்று பெரிதாக எழுதியிருக்கிறதே, பெண்டாட்டி மேல் பாசம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

கையை உதறிவிட்டு அவளோடு அப்படியே போனேன். வால்வு பார்க்கிற கிரண்குமார், "சாரைக் கேக்கணும்மா" என்றான். சேர்மன் யாரப்பா என்று கேட்டேன். பாவம், நிஜமாகவே யோசித்துவிட்டு, "சாருதாம்மா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையிலிருந்த இரும்புச் சாவியை வாங்கி நானே திருகினேன். காலனிக் குழாய்களில் முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் கலங்கலாக வந்தது, பிறகு நல்ல தண்ணீர். ஒரு கிழவர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், குழாயைக் கையெடுத்துக் கும்பிட்டார். சாவியை முந்தானையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

உன் மாமா கத்தவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, நீ கடையையே பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். மறுவாரம் பஸ் கிளம்பியது. வேறு சாவி அடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெண்டாட்டி பிடுங்கிக்கொண்டாள், புருஷன் கொல்லனிடம் போனான் என்று ஊர் சிரிக்குமே. அதனால் என்னையே இறக்கிவிட்டு மரியாதையாக வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

இன்னொன்றும் கேள். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த சேர்மன் நீதானாம். பொம்பளை சீட்டாயிற்றே, அவரே உட்கார முடியாது. பெரிய நாற்காலி என்று ஆசைப்படாதே, உனக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான். அதற்கு ஒரு கால் ஆடும், சுவரோரமாகப் போட்டுக்கொள்.

ஒரு கை குறைந்தாலும் என்னை இறக்குகிற தீர்மானம் விழுந்துவிடும் என்கிறார்கள். அது உன் கையாக இருக்கட்டும் என்று கேட்க நாக்கு நுனி வரை வருகிறது. கேட்கமாட்டேன். உன் வீட்டுக்காரர் முரளிதரன் பிழைப்பு அந்த லாரிகளில்தான் ஓடுகிறது, பிள்ளைகள் புத்தூரில் படிக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் ஓட்டெடுப்பு நடத்துகிற ஆர்.டி.ஓ. கை தூக்கச் சொல்கிறபோது நான் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். தூக்குவதென்றால் தலையைக் குனிந்துகொண்டு தூக்காதே. என் முகத்தைப் பார்த்துத் தூக்கு.

பையின் அடியில் என்னுடைய மயில்கழுத்துப் பட்டு இருக்கிறது. நான் பதவி ஏற்ற அன்று கட்டியது, உனக்கு எடுப்பாக இருக்கும். பை கனக்கிறதே என்று வீராசாமி கேட்டால் ஊறுகாய் ஜாடி என்று சொல்லிவிடுவேன். அவன் போனதும் பிரி. வால்வுச் சாவி அந்தப் பட்டுக்குள் இருக்கிறது.

வால்வு இன்னும் திறந்துதான் இருக்கிறது. இன்று காலை ரத்தினம்மா தன் வீட்டுக் குழாயில் பிடித்து எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

மகராசியாக இரு காஞ்சனா. அந்தச் சாவியை யார் கேட்டாலும், அது உன் மாமாவாகவே இருந்தாலும், சேர்மன் யார் என்று ஒரு தரம் கேள். கிரண்குமார் மாதிரி நீ யோசித்துக்கொண்டு நிற்காதே.

உன் அக்கா,
அம்சவேணி