சொர்ணம் சொன்ன பதில்

பெசன்ட் நகர், சென்னை-90
11.12.1994

அன்புள்ள ஜமீலாவுக்கு நீரஜா எழுதுவது.

இங்கு நானும் இவரும் சுகம். ஜித்தாவில் நீயும் கரீம் அண்ணனும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே மழை விட்டு நாலு நாள் ஆகிறது. துணியெல்லாம் இப்போதுதான் காய்கிறது.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. வேலை அதிகம் என்று எழுதலாமென நினைத்தேன். அது பொய். எழுத உட்கார்ந்தால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, அதனால்தான் உட்காரவில்லை.

போன மாதம் எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன். ஒன்பதாம் வகுப்பில் விசையும் இயக்கமும் நடத்திக்கொண்டிருந்தேன். அதிகாரி பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு பந்தை உருட்டிவிட்டு, அது ஏன் நிற்கிறது என்று கேட்டேன். நாம் தள்ளிய விசை தீர்ந்துவிடுகிறது என்பதுதான் நான் எதிர்பார்த்த பதில். ஆறு வருடமாக அப்படித்தான் நடத்துகிறேன்.

சொர்ணம் என்று ஒரு பெண். ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறாள், அப்பா கட்டுமரக்காரர். அவள் எழுந்து, “இல்ல டீச்சர், மேஜைதான் புடிச்சி நிறுத்துது. எங்க நைனா துடுப்பு போடறத வுட்டாலும் மரம் போய்க்கினேதான் கீது. தண்ணி இல்லாங்காட்டி அது நிக்கவே நிக்காது” என்றாள்.

அதிகாரியின் முன்னால் ஒரு மாணவி என்னை மறுத்துவிட்டாள் என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது. “போய்க்கினே கீதா?” என்று அவளைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டி, “தமிழைச் சரியாகப் பேசக் கற்றுக்கொள், அப்புறம் இயற்பியலுக்கு வரலாம்” என்றேன். வகுப்பே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு, வகுப்பை நல்ல கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டுப் போனார்.

இதைச் செய்த நான் யார் என்று உனக்குத்தான் தெரியும், ஜமீலா. கோடம்பாக்கத்து ஒற்றை அறையில் என் அம்மா பேசியதும் இதே பேச்சுதான். காலேஜில் முதல் நாள் நான் “இன்னா” என்று வாய்விட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் கேரம் ஆடக் கூப்பிட்டார். மழை ஈரத்தில் பலகை பிசுபிசுத்தது. ஸ்ட்ரைக்கர் பாதியிலேயே நின்றது. பவுடர் தூவிவிட்டு அதே மாதிரி சுண்டினார். எதிர்ப்பக்கச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்தது. இன்னொரு முறை சுண்டச் சொன்னேன். பிறகு நானே பலகையைத் துடைத்துவிட்டுச் சுண்டிப் பார்த்தேன், பவுடர் போட்டும் சுண்டிப் பார்த்தேன். விசை தீரவில்லை, ஜமீலா. விரலை விட்டதுமே விசையின் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் உராய்வுதான் அதை நிறுத்துகிறது. புறவிசை செயல்படாதவரை இயங்கும் பொருள் சீராக இயங்கிக்கொண்டே இருக்கும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நான்தான். எழுதினேனே தவிர ஒரு நாளும் யோசிக்கவில்லை. அந்தப் பெண் யோசித்திருந்தாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. வாரம் முழுக்க வரவில்லை. சனிக்கிழமை குப்பத்துக்குப் போனேன். அவள் அம்மா தங்கபுஷ்பம் கடற்கரை ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “எம் பொண்ணு உங்களாண்ட எதிர்த்துப் பேசிக்கீறா டீச்சர். மனசுல வெச்சிக்காதீங்க. நல்லா திட்டிக்கீறேன், திங்கக்கெயம அனுப்பிடறேன்” என்று கும்பிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பரவாயில்லை, இனி ஒழுங்காக வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் இலையில் சுற்றிக் கொடுத்த நாலு சங்கரா மீனையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் குழம்பு வைத்தேன். முழுவதையும் இவருக்கே பரிமாறினேன்.

அவள் வந்தாள். அந்த வாரம் ஒரு சிறு தேர்வு வைத்து அதே கேள்வியைக் கேட்டேன். சொர்ணத்தின் தாளில், ‘பந்தின் மீது செலுத்தப்பட்ட விசை தீர்ந்துவிடுவதால் அது நின்றுவிடுகிறது’ என்று எழுதியிருந்தது. அழகான கையெழுத்து, பிழையில்லாத தமிழ். என் தப்பைத்தான் எழுதியிருந்தாள். அதற்கு நான் எப்படிச் சிவப்பு மையால் தப்புப் போடுவேன்?

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்று சொர்ணம் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தவறு, அவள் பேச்சைக் கேலி செய்தது அதைவிடப் பெரிய தவறு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சொர்ணம் எழுந்து நின்றாள். இதிலும் ஏதோ பொறி இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “உக்காரட்டுமா டீச்சர்?” என்று கேட்டாள்.

நான் ஒரு நிமிடத்தில் செய்ததை எத்தனை வருடத்தில் சரி செய்வேன் என்று தெரியவில்லை. குப்பத்துக்கு மறுபடியும் போய் அவள் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை. உன் பதில் வருவதற்குள் போய்விடுவேன்.

எனக்கு ஆறுதல் எழுதாதே, ஜமீலா. திட்டி எழுது. உன் தொழுகையில் எனக்காக எதுவும் கேட்க வேண்டாம். அந்தப் பெண் என் வகுப்பில் இன்னும் ஒரே ஒரு தடவை எழுந்து, “இல்ல டீச்சர்” என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் கேள்.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

என்றும் உன்
நீரஜா