பால்மாவில் ஒட்டியிருந்த விலை

அப்பா,

"வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்?" என்று போன கிழமை வந்தவர்களுக்கு முன்னால் என்னைக் கேட்டீர்கள். இன்று நான் வாய் திறந்தேன். கடை வாசலில் நின்று நீங்களே பார்த்தீர்கள்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். பால்மா இல்லை. வெறுந்தேநீர் குடியுங்கள். பைக்கற்றைக் குலசேகரம் மாமாவின் கடை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அச்சடித்த விலையை மறைத்து அவர் கூடுதலாக ஒரு விலையை ஒட்டியிருந்தார். அதை நகத்தால் உரித்து, "மாமா, இதில இருக்கிற விலைக்குத் தாங்கோ" என்றுதான் கேட்டேன்.

"உரம் கடனாக் கேட்டு வரேக்க கொப்பர் இப்பிடி விலையை உரிச்சுப் பாக்கிறேல்லையே, பிள்ளை!" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் கடனுக்காகத்தானே ஒவ்வொரு முறையும் எங்கள் கச்சான் கடலையை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கிறோம்? அது போதாதா? சின்னவள் குடிக்கும் பாலிலும் அவருக்குப் பங்கு வேண்டுமா?

அம்மாவோடு கச்சான் பிடுங்கப் போகிறேன். ஆட்டுக்குக் குழை போட்டாயிற்று. இரவு என்னோடு கதைக்க வேண்டாம்.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். மாமாவின் மேலுள்ள கோபம் நாளைக்கு ஆறிவிடும். அவர்கள் சிரித்தபோது நான் திரும்பி உங்களைத்தான் பார்த்தேன். "பிள்ளை கேட்டது சரிதானே" என்று சொல்வீர்கள் என்று நின்றேன். நீங்கள் பீடிக்கட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தீர்கள். சைக்கிளைத் திருப்பினீர்கள். ஏறிப் போய்விட்டீர்கள்.