வாளிக்குள் தலை இருந்தபோது எடுத்த அளவு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமாவின் ஆசிகள். கையெழுத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த விவரம் கடைசியில் வரும்.

நம் வீட்டு வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவு சென்ற வியாழக்கிழமை காலை எடுக்கப்பட்டது. கூடத்தில் வடக்குச் சுவரோரம் கிடந்த சோபா இனி வாசற்கதவுக்கு எதிரே கிடக்கும். அதன் இடது கை, மனிதர்கள் முழங்கை ஊன்றும் இடமாக இதுவரை ஆற்றிவந்த பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, சேணம் வைக்கும் இடமாகும். தீர்மானத்தைக் கொண்டுவந்தவனும் ஆதரித்தவனும் நான். உன் அத்தை எதிர்த்தாள். உன் கணவன் செய்தித்தாளுக்குப் பின்னால் நடுநிலை வகித்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக நானே அறிவித்தேன்.

எந்தச் சேணம் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சர்வேயராக இருந்த காலத்தில் ஒரு முழு மலையை அளந்து முடித்த அன்றுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு வந்ததில்லை. மலை எங்கேயும் போய்விடாது. நம் குதிரை மேடம் போய்விட இருந்தாள்.

நீ அவள் முதுகிலிருந்து விழுந்து, தோளில் கட்டோடு உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. மற்ற மருமகள்கள் பீரோ கொண்டுவந்தார்கள், நம் வீட்டுக்கு வந்தவள் ஒரு குதிரையைக் கொண்டுவந்தாள், பீரோ யாரையும் தள்ளிவிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை என்று உன் அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பூங்காவில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் வாடகைக் குதிரைக்காரரிடம் உன் கணவன் பேசிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து மேடத்தை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

கிளம்பும்போது வாசலில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மாமா, அவ கெட்டவ இல்ல. அவளுக்கு எங்கயோ வலிக்குது. யாராவது பாருங்க" என்றாய். அதற்கு உன் கணவன், "கட்டு யார் தோள்ல இருக்குன்னு முதல்ல பாரு" என்றான். பயத்தைக் கோபத்தின் குரலில் பேசுவது நம் வீட்டு ஆண்களுக்குக் கைவந்த கலை. நீ விழுந்த அன்று அவன் முகம் போன போக்கைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நீ தரையில் கிடந்தாய். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தொலைபேசி மணி அடித்தால் ஒருவன் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவருகிறான். மறுமுனையில் பால்காரர் என்றால் அவர்மேல் எரிந்து விழுகிறான். பால்காரர் இப்போதெல்லாம் எனக்கே போன் செய்கிறார்.

இந்த இடத்தில் பேனா சற்று நின்றது. மை தீரவில்லை.

சரி, மேடத்தின் வழக்குக்கு வருகிறேன். வெறும் முதுகோடு இருக்கும்போது அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் செய்தித்தாள் படித்தால் அவளும் படிக்கிறாள். சேணத்தை எடுத்துக்கொண்டு யாராவது லாயத்துக்குள் நுழைந்தால் காதுகள் இரண்டும் பின்னால் படிந்துவிடுகின்றன. பல் வெளியே வருகிறது. குணம் கெட்டவளாக இருந்தால் எல்லா நேரமும் அல்லவா கெட்டவளாக இருக்க வேண்டும்? வேளை பார்த்துக் குணத்தை மாற்றிக்கொள்ள அதிகாரிகளால்தான் முடியும்.

முதுகைத் தடவிப் பார்த்தேன். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை முடி. செம்பட்டை நிறத்தில் வெள்ளை நன்றாக எடுப்பாகத்தான் இருக்கிறது. "மச்சம் மாதிரி இருக்கு, அதிர்ஷ்டம்" என்று உன் அத்தை போன வருஷம் சொன்னது அதைத்தான். அதிர்ஷ்டம் ஒரே அளவில் இரண்டு பக்கமும் சமச்சீராக வந்தது எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. அழுத்தினேன். மேடம் துள்ளினாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். சாக்பீஸைப் பொடித்து அவள் முதுகு முழுவதும் தூவினேன். சேணத்தை மெதுவாக வைத்து, அசைக்காமல் எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வரைபடம் தானாகவே வந்துவிட்டது. முன்னால் அந்த வெள்ளை முடிக்கு நேராக இரண்டு இடத்தில் வெள்ளை, பின்னால் இரண்டு இடத்தில் வெள்ளை. நடுவில் ஒரு பொட்டுப் பொடிகூட ஒட்டவில்லை. அந்தப் பளபளப்பான பித்தளைப் பூண் போட்ட சேணம் அவள் முதுகில் உட்காரவே இல்லை, மருமகளே. நாற்காலியைப் போல நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது. அந்த நாற்காலியில்தான் நீ உட்கார்ந்திருந்தாய்.

கல்யாண நாளுக்கு ஆசை ஆசையாக அதைச் செய்யச் சொல்லி வாங்கித் தந்த உன் கணவனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"எப்படிடா அளந்த?"

"கம்பியை முதுகுல வச்சு வளைச்சு, அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன். அப்படித்தான் அளக்கணுமாம்."

"அவ சும்மா நின்னாளா?"

"எங்க நின்னா? வாளியில கொள்ளு போட்டேன். தலையை உள்ள விட்டா. அந்த நேரத்துல டக்குனு எடுத்துட்டேன்."

"ஏறுறவளுக்கு அளவு?"

"கடையில நான்தான் உக்காந்து பார்த்தேன். சௌகரியமாத்தான் இருந்துச்சு."

குதிரை தலையைத் தரைக்குத் தாழ்த்தினால் முதுகு மேலே எழும்புகிறது. குழி நிரம்பித் தட்டையாகிவிடுகிறது. நிமிர்ந்தால் பழையபடி இறங்குகிறது. இரண்டு நிலையிலும் அளந்துவிட்டேன். ஆகவே வாளிக்குள் தலையை விட்டபடியே மேடம் நடந்து, அவள்மேல் உன் கணவன் சவாரி செய்திருந்தால், அந்தச் சேணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரியத்தில் குறை இல்லை. அளந்த நேரம்தான் சரியில்லை.

இதையெல்லாம் கேட்டு அவன் சேணத்தைத் தன் பக்கம் இழுத்தான். பொடி ஒட்டிய இடங்களைக் கையால் தொட்டுப் பார்த்தான். பிறகு அந்த வெள்ளை முடியைத் தொட்டான். மேடம் நடுங்கியபோது கையை எடுத்துவிட்டு, அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். 

மேலே ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்தது நான் இல்லை.

மறுநாள் மேடத்தை நடத்திக்கொண்டு சேணக்கடைக்குப் போனோம். அந்தக் கடைக்கார அம்மாளை உனக்குத் தெரியாது. குதிரைமேல் ஏறியதே இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் ஆள். "சேணத்துக்குக் குதிரைதான் பழகிக்கணும் சார். புதுச் செருப்பு கடிக்கலயா? நாம பழகிக்கலயா?" என்றார். செருப்பை நாம் கழற்றி வீசலாம், அவளால் முடியாதே என்றேன். அப்படியானால் அடியில் இன்னும் கொஞ்சம் கம்பளி அடைத்துத் தருகிறேன் என்று அடைத்தும் தந்தார். இறுக்கமான சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்ட மாதிரி ஆனது. சாமி படத்துக்கு அவர் வைத்திருந்த பூக்கூடையை மேடம் கடித்துத் துப்பினாள்.

பிறகு கடையில் தொங்கிய ஒவ்வொரு சேணமும் இறங்கியது. பொடி தூவுவது, வைப்பது, எடுப்பது, திருப்பிப் பார்ப்பது. ஒன்று அகலம், ஒன்று குறுகல், ஒன்று முதுகெலும்பின் மேலேயே உட்கார்ந்தது. பக்கத்துத் தையற்காரரும் எதிர்ப்பக்கத்து பல் டாக்டரும் வேலையை விட்டுவிட்டு வந்து கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். பல் டாக்டர் மேடத்தின் வாயைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மேடம் வெள்ளையடித்த சுவர்போல நின்றாள்.

அப்போதுதான், அதுவரை சேணங்களைத் தூக்கிக்கொடுத்துக்கொண்டிருந்த உன் கணவன், கடைக்கார அம்மாளை உற்றுப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க" என்றான்.

அவர் தைப்பதற்காக உட்காரும் இடத்தில், ஒரு மரக்கட்டைமேல், பழைய சேணம் ஒன்று கிடந்தது. பூண் இல்லை, பளபளப்பு இல்லை. நிறம் கரியா காவியா என்று சொல்ல முடியாது. யாரோ எப்போதோ பழுது பார்க்கக் கொடுத்து, வாங்க வராமல் போனது. எடுத்துத் தட்டினான். உள்ளே மரச்சட்டத்தில் விரிசல் இல்லை. பொடி தூவி, வைத்து, எடுத்துத் திருப்பினான். அடி முழுவதும், முன்னிருந்து பின்வரை, இருபக்கமும் ஒரே சீராக வெள்ளை. நடுவில் முதுகெலும்புக்கு மட்டும் ஒரு சந்து விட்டு. என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியான வரைபடம் என் மேசைக்கு வந்ததில்லை. தையற்காரர் கைதட்டினார். வாரைக் கட்டியபோது மேடம் திரும்பிப் பார்த்தாள், கடிக்கவில்லை, ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் உன் கணவன் மூக்கைச் சிந்தினான். சாக்பீஸ் பொடி என்றான்.

கடைக்கார அம்மாள் அதை விற்க மறுத்தார். விலை அல்ல பிரச்சினை. அதில் உட்கார்ந்தால்தான் அவருக்கு இடுப்பு வலிப்பதில்லையாம். இதைவிடச் சிறந்த சான்றிதழ் ஒரு சேணத்துக்கு வேண்டுமா? கடைசியில், நான் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகம் கொடுத்த சுழல் நாற்காலி அவருக்குப் போனது. உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

குதிரைக்குப் பொருந்திவிட்டது. ஏறுகிறவருக்கு? இந்த வீட்டில் உன் உயரத்துக்கு இருப்பது நான் ஒருவன்தான் என்று சனிக்கிழமை சுட்டிக்காட்டினேன். உன் அத்தை, "இந்த வயசுல எலும்பு உடைஞ்சா ஒட்டாது, கம்பிதான் வைப்பாங்க" என்று எச்சரித்தாள். உன் கணவன் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குதிரைமேல் ஏறினேன். மேடம் கழுத்தை நீட்டிக்கொண்டு, முற்றத்தை அவளே அளப்பதுபோல நீளமாக அடியெடுத்து வைத்தாள். முதுகு என்ற ஒன்று தனக்கு இருப்பதையே மறந்துவிட்டவள்போல நடந்தாள். மதில்வரை போய்த் திரும்பி வந்தோம். நான் கூச்சலிட்டதாக உன் அத்தை சொல்வதை நம்பாதே. அது உற்சாகக் குரல்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் குதிரைக்காரர் கயிறோடு வந்தார். உன் கணவன் அவரை வாசலைத் தாண்டவே விடவில்லை. "விக்கறதுக்கு இல்லீங்க. என் பொண்டாட்டியோட குதிரை" என்றான். சென்ற வாரம்வரை அவன் வாயில் அது 'அந்தக் குதிரை'யாக இருந்தது.

அம்மா, என் கணக்கில் ஒரு குறை மிச்சமிருக்கிறது. ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடியின் வாரை என் காலுக்குத்தான் வைத்திருக்கிறோம். உன் கால் என்னுடையதைவிடக் கொஞ்சம் நீளமோ குட்டையோ தெரியவில்லை. ஆளில்லாமல் அளவெடுத்து ஒருமுறை பட்டது போதும். இந்தமுறை ஏறுகிறவள் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் ஆச்சு. அவசரம் இல்லை, டாக்டர் சொன்னபடி தோள் கூடட்டும். கூடியதும் வா. ரயிலடிக்கு ஆள் வரும். யார் என்று நீ கேட்க வேண்டியதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உன் தோள் சீக்கிரம் கூடி, வலி என்று நீ சொன்னால் முதல் தடவையிலேயே கேட்கிற காதுகள் உன்னைச் சுற்றி எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: சனிக்கிழமை சவாரி முடிந்து சேணத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தபோது, சோபா இடம் மாறியதை மறந்து அதன்மேல் தடுக்கி விழுந்தேன். சேணத்துக்கு ஒன்றுமில்லை, மேடத்துக்கும் இதில் சம்பந்தமில்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது உன் கணவன்.