அப்பாவின் தூண்

அண்ணா,

புதுக் கூரையும் டைல்ஸும் பளபளக்கின்றன. ஆக்லாந்தில் உன் நண்பர்களுக்குப் படம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள். ஹாலை நீட்ட நீ வெட்டச் சொன்ன கோடித்தூணில்தான் குடும்பத்தலைவர் என்ற உரிமையோடு அப்பா சாய்ந்து அமர்வார். கூட்டத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு தூண், தூண் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை; சமோவாவில் பிறந்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

நேற்றுக் குடும்பக் கூட்டம். சித்தப்பாக்கள் அவரவர் தூணில் சாய்ந்துகொண்டார்கள். அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னண்ணே, உக்கார எடமில்லையா? மகன் சோபா அனுப்பலையா?" என்றார் லேமனா சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கத்த வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"விடும்மா, புள்ள ஆசையா செஞ்சான்."

அடுத்த கூட்டத்தின்போது, பரிமாறும் பையன்களோடு சமையல் கொட்டகையில் இருந்துகொள்கிறாராம். அங்கே அவருக்குப் பாய் விரிக்க என்னால் முடியாது. நீயே வந்து விரி.

உன் தங்கை